சேர்த்துத் தரக் கூடாத குரல்

உங்கள் அம்மா குவைத்தில். நீங்கள் இருவரும் கொழும்பில் வேலையில். தலவாக்கலையில் போன் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்து லயத்தில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச ஆள் கிடையாது. அந்த நேரத்தைப் போக்கத்தான் கம்ப்யூட்டரில் அந்த வேலையில் சேர்ந்தேன், பிள்ளைகளே.

தமிழ்ச் செய்திகளைப் போனில் உரக்கப் படிக்கும் ஒரு புரோகிராம். ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நான் முகம் பார்த்திராத சிலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுவது என் பங்கு. அதைத்தான் பில்ட் என்பார்கள்.

படிக்கும் குரல் மட்டும் எங்களுடையது அல்ல, ஒரு கம்பனியுடையது. இலவசம்தானே என்று அதையும் பொதிக்குள் வைத்துக் கட்டினேன். லயத்தில் பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தால் சட்டியோடுதானே கொடுப்போம்?

கூட வேலை செய்த ஒருவர் எழுதிக் கேட்டார்: லைசென்ஸைப் படித்தீர்களா? அந்தக் குரலை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்க நமக்கு அனுமதி இல்லை. ஒவ்வொருவரும் கம்பனியின் நிபந்தனைகளுக்குச் சம்மதித்துத் தாங்களே இறக்கிக்கொள்ள வேண்டும்.

குரலைப் பொதியிலிருந்து எடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டாலும் புரோகிராம் ஓடும்படியும், போனில் ஏற்கெனவே இருந்தால் அதைப் பயன்படுத்தும்படியும் பில்டை மாற்றினேன். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், பக்கத்து வீட்டுக்கு வேறா? நம் லயத்துக் கடைசி வீட்டுக் காம்பராவில் இருக்கும் மாமாவின் போனிலும் புதுப் பொதியைப் போட்டேன். பழைய பொதியோடு குரலும் போய், போன் ஊமையாகிவிட்டது. சீனி வியாதியில் கண் போனவர் அவர். அந்தக் குரல்தான் அவருக்குப் பத்திரிகை.

"பழசையே போட்டுக் குடுங்களேன் தம்பி. யாரு வந்து பாக்கப் போறா?"

"குடுக்க எனக்கு உரிமை இல்ல மாமா. நீங்களாத்தான் எடுத்துக்கணும்."

"கண்ணு தெரியாதவனப் பாத்து எடுத்துக்கச் சொல்றீங்க. நல்லா இருக்கு ஞாயம்!"

குரல் பெரிய கோப்பு, லயத்துச் சிக்னலில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மேலே போகலாம், அங்கே சிக்னல் நன்றாக இருக்கும் என்றேன். அதுவரை தினமும் கடையிலிருந்து வரும்போது பத்திரிகை வாங்கி வந்து நானே அவருக்குப் படித்தேன். இடையிடையே அவர் அரசியல்வாதிகளைத் திட்டுவார், நான் சிரிப்பேன். வீட்டுக்குப் போக நேரமாகிவிடும்.

ஞாயிறன்று அவர் கையைப் பிடித்து மலை உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி வரை கூட்டிப்போனேன். இங்கிலீஷில் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"இதையெல்லாம் யாரு தம்பி முழுசாப் படிக்கிறா?"

"படிக்காமத்தான் நான் மாட்டுனேன். சம்மதமா, சொல்லுங்க."

"சம்மதம்."

அவர் விரலைச் சரியான இடத்தில் வைத்தேன். அழுத்தியது அவர்தான். மெதுவாக இறங்கி முடிந்ததும் போன் பேசியது. மாமா அதைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"இனி நீங்க அலைய வேணாம் தம்பி" என்றார்.

மறுநாள் மாலையும் பழக்கத்தில் பத்திரிகை வாங்கிவிட்டேன். அவர் கதவு வரை போனேன். உள்ளே அந்தக் குரல் திக்காமல் படித்துக்கொண்டிருந்தது, மாமா அதனிடமே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தட்டாமல் திரும்பிவிட்டேன்.