வெட்டுவாலியின் வலப்பக்கம்

ஹெர்டிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஒன்பது கோடைகாலம் அவளோடு ஒரே படகில் போயிருக்கிறேன். திமிங்கிலம் பார்க்க வரும் பயணிகளுக்குச் சூடான சாக்லேட்டும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுப்பது என் வேலை. திமிங்கிலம் எங்கே எழுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அவள் கணவன் ஐவிந்துர் சுக்கான் பிடிப்பான். வடகோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஹூசாவிக் துறைமுகத்தில் அவர்களுடைய ஓக் மரப் படகைத் தெரியாதவர்கள் இல்லை. அந்த இருவருக்கும் பேச்சு இல்லை என்பதும் ஊரறிந்த விஷயம்.

சண்டை ஒன்றும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு மகள் டென்மார்க்குக்குப் போன பிறகு ஏனோ வீட்டில் வார்த்தைகள் வற்றிப்போயின. கடலில் மட்டும், படகின் முனையைக் கடிகாரத்தின் பன்னிரண்டாக வைத்து, "மூணு மணி" என்பாள். அவன் வலப்பக்கம் திருப்புவான். அவ்வளவுதான் அவர்களுடைய தாம்பத்தியம்.

பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் விரிகுடாவுக்கு ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் வந்துகொண்டிருந்தது. வாலின் வலது மடலில் ஆழமான வெட்டு இருந்ததால் அதற்கு வெட்டுவாலி என்று பெயர். இந்த வருடம் ஜூலை பாதி கழிந்தும் அதைக் காணோம்.

ஒருநாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஐவிந்துர் என்னிடம் சொன்னான். ஹெர்டிஸ் பக்கத்தில்தான் நின்றாள்.

"டால்விக் ஊர்லேர்ந்து ஒருத்தர் படகைக் கேக்கிறார். வெட்டுவாலி செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா வித்துடுவேன். அது இல்லாத கடல்ல எனக்கு என்ன வேலை?"

அவள் முகம் சாம்பலாக வெளுத்தது. சுருட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் மேற்குக் கரையிலிருந்து ஒரு படம் வந்தது. ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் எடுத்தது. கூழாங்கல் மணலில் குப்புறக் கிடந்தது ஒரு திமிங்கிலம். தலைப்பக்கம் நின்று, முதுகு வழியாக வாலைப் பார்த்து எடுத்திருந்தார். வாலில் ஒரு வெட்டு. அதுதானா என்று ஹெர்டிஸ்தான் சொல்ல வேண்டும்.

அவள் உற்றுப் பார்த்தாள். "வெட்டு இடப்பக்கம் இருக்கு. நம்மளோடது இல்ல."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு," என்றான் ஐவிந்துர்.

"ரெண்டு வருஷம் கழிச்சு பேசறே. கண்ணாடியப் பத்தியா பேசணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலைப் பயணத்தில் வெள்ளைமூக்கு டால்பின்கள் படகோடு துள்ளிக்கொண்டு வந்தன. பயணிகள் எல்லோரும் முன்பக்கம் போய்விட்டார்கள். உள்ளே அடுப்புக்கு மேலே ஹெர்டிஸ் நனைந்த கம்பளிக் கையுறையை உலர வைத்தாள். பிறகு அதைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள்.

"என்ன, மீன் பொரிக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் போடுறே?" என்றேன்.

"கட்டைவிரல் எந்தப் பக்கம் போகுது பாரு." கையுறையைத் தூக்கிக் காட்டினாள். "அது முங்கும்போது நாம பாக்கிறது வாலோட அடிப்பக்கம். பதினாலு வருஷமா அடிப்பக்கத்தத்தான் பாத்திருக்கோம். குப்புறக் கெடக்கறதத் தலைப்பக்கத்துலேர்ந்து பாத்தா தெரியறது மேல்பக்கம். வலது இடதாயிடும். அந்தப் பண்ணைக்காரர்கூட இப்படித் தப்பு பண்ணமாட்டார்."

"அப்ப அது வெட்டுவாலிதானா?"

"தெரியல. வலது மடல்ல வெட்டு உள்ளது இன்னொண்ணும் இருக்கலாமே. மண்டையே சுத்துது."

எனக்கும் சுற்றியது. சொன்னால் படகு போய்விடும். சொல்லாவிட்டால் அவள் நெஞ்சு அவளைத் தின்றுவிடும்.

"பேசாம இருந்துடு, கண்ணு," என்றேன்.

"பேசாம இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்கிறேன்."

எழுந்து நேரே சுக்கான் அறைக்குப் போனாள். நானும் ஒரு கோப்பை சாக்லேட்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"ஐவிந்துர், படத்தத் தப்பா பாத்துட்டேன். வெட்டு வலதுலதான் இருக்கு."

அவன் திரும்பவில்லை. "நிச்சயமா அதுதானா?"

"இல்ல. எதுவுமே நிச்சயமாத் தெரியல."

"நேத்து நிச்சயமாச் சொன்னியே."

"நேத்து அது வேற திமிங்கிலமா இருக்கணும்னு இருந்தது எனக்கு."

அவன் எஞ்சினை நிறுத்தினான். "அப்ப நான் என்ன செய்யட்டும்? விக்கட்டுமா, வேண்டாமா?"

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

"விக்காத."

"அது செத்திருந்தாலுமா?"

"செத்திருந்தா அழுவேன். படகுல நின்னு அழுவேன். அந்த வீட்டுல, உன் எதிர்ல, பேச்சில்லாம உக்காந்து அழ என்னால முடியாது."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நடுவுல வாலு எதுக்கு, வலது இடது எதுக்கு?"

"திமிங்கிலத்த நடுவுல கொண்டுவந்தது யாரு?"

ஐவிந்துர் போனை எடுத்து டால்விக்காரரை அழைத்தான். வரவேண்டாம், படகு விற்பனைக்கு இல்லை என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தான். ஹெர்டிஸ் சுவரில் சாய்ந்து அழுதாள். செத்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்காகவா, பிழைத்துவிட்ட ஒன்றுக்காகவா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. ஐவிந்துர் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். ஒரு கை அவள் தோளை நோக்கிப் போய், பாதியில் நின்று, பிறகு போய்ச் சேர்ந்தது.

படகு அலையில் தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பயணி என்னைப் பிடித்து, ஏன் நின்றுவிட்டோம் என்று கேட்டார்.

"எனக்கும் சரியாத் தெரியலைங்க," என்றேன்.