அம்பு தைத்த பட்டு

என் மனைவி கொரோனாவில் படுத்திருந்தபோது, அவள் பிழைத்தால் செபஸ்தியாருக்குப் பட்டு சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். நாங்கள் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள். செபஸ்தியார் யாரென்றே எனக்குத் தெரியாது. எங்கள் தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று கத்திச் சொன்னாள்.

"அண்ணா, எங்க செபஸ்தியாரு கொள்ளநோய்க்குன்னே இருக்கிறவரு. ராஜாகிட்ட சிப்பாயா இருந்தாரு. ஏசுவ கும்புடறாருன்னு மரத்துல கட்டி அம்பு உட்டாங்க. செத்துட்டாருன்னு போட்டுட்டு பூட்டானுங்க. ஒரு அம்மா இட்டுக்கினு போயி காயத்த ஆத்துச்சி. எந்திரிச்சி மறுபடியும் ராஜா முன்னாடி போயி, நீ செய்யறது தப்புன்னாரு. அப்பறம் அடிச்சே கொன்னாங்க."

உள்ளிருந்து மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "பொழச்ச மனுசன் சும்மா ஊட்ல கெடக்கக் கூடாதா?"

பல நாளாகப் பேசாதவள் பேசினாள். நான் அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

அவள் எழுந்துவிட்டாள். பட்டுக்குத்தான் நாள் பிடித்தது. தறி ஓடவில்லை. ஓடியபோது கல்யாணச் சேலைகள் வரிசையில் நின்றன. கடைசியில் ஒரு தை மாதம், அவர் திருநாளுக்குச் சரியாக முடித்தேன். நல்ல சிவப்பு, இரண்டு பக்கமும் ஜரிகைக் கரை. சாமிக்குச் சாத்தும் துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் நாங்கள் கொடுக்க மாட்டோம். விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குறையில்லை.

திருநாளன்று சாயங்காலம் செவிலிமேட்டுப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்குப் போனோம். மனைவி தட்டில் பட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். பேண்டு, வேட்டு, சீரியல் விளக்கு. காது அடைத்தது. தேரில் செபஸ்தியார் நின்றிருந்தார். அப்போதுதான் அவரை முதல்முறை பார்க்கிறேன்.

வெற்று உடம்பு. இடுப்பில் ஒரு முழத் துணி. கைகளைப் பின்னால் மரத்தோடு கட்டியிருந்தது. தோள், தொடை, நெஞ்சு என்று அம்புகள். நானோ நம் சாமிகளை நினைத்துக்கொண்டு, கழுத்திலிருந்து கால்வரை மூடும்படி நெய்து வந்திருக்கிறேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பட்டைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுபா. ஆனா அம்ப மூடக் கூடாது. ஜனங்க வர்றதே அதப் பாக்கத்தான்."

"சாத்தறேன்னு வேண்டிக்கினேன், ஐயா."

"அப்ப அம்ப உருவிட்டு சாத்து. பட்டு மேல திரும்பக் குத்திக்கலாம். காலையில நோவாளிங்க தொட்டுக் கும்புட அவுங்க ஊட்டுக்குக்கூட அம்ப உருவித்தான் எடுத்துக்கினு போனோம்."

குத்தினால் இழை அறும். பட்டின் கரையை மடித்து மடித்துப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவன் கூவினான். "இன்னாபா, தேரு கௌம்புமா? நெசவுக்காரரு இங்கயே தறி போட்டுட்டாரா?"

சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்தது. மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டு தேரில் ஏறி, அம்புகளை உருவினேன். பட்டைக் கழுத்திலிருந்து விட்டு, மரத்துக்குப் பின்னால் முடிந்தேன். துளை இருந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஊசி முனையால் இழைகளை ஒதுக்கினேன். அம்பின் உள்ளே நுழையும் முனை மெல்லிய ஆணிதான். நுழைந்தது. ஓர் இழை அறவில்லை. கீழே கைதட்டினார்கள். அடுத்ததும் நுழைந்தது. பேண்டுக்காரர்கள் வேகம் கூட்டினார்கள்.

கடைசியாக நெஞ்சு அம்பு. அதன் ஆணி எப்போதோ உடைந்து, யாரோ தடிக் கம்பி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கியும் நுழையவில்லை. இழைகள் விறைத்து நின்றன. இன்னும் அழுத்தினால் போச்சு.

"அது ஒண்ணு இல்லாட்டி இன்னாபா, உட்டுடு" என்றார் உபதேசியார்.

"நெஞ்சு அம்பு இல்லாம எப்டிங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி அழுகிற குரலில் கேட்டாள்.

அம்பைக் கையிலேயே வைத்திருந்தேன். பழுதான துணியைச் சாமிக்குச் சாத்தியதாக எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அம்பு இல்லாமல் விட்டால் அவருக்குக் குறை. குத்தினால் பட்டுக்குக் குறை.

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தேரில் ஏறினாள்.

"நெஞ்சு அடச்சிக்கினு கெடந்தது நானு. குடுங்க இப்டி."

"இழ அறுந்துடும்மே."

"அவரு ஒடம்பையே ஓட்ட போட்டானுங்க. உங்க இழதான் பெரிசா பூட்டுதா?"

அம்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். நான் தடுக்கவில்லை. பட்டின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரே குத்து. இழைகள் படபடவென்று தெறித்தன. தறியில் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவேன். அன்று பட்டை விடாமல் பிடித்திருந்தேன். அம்பு நின்றது. சிவப்புப் பட்டில், நெஞ்சுக்கு நேராக.

கூட்டம் ஓவென்று கத்தியது. வேட்டு வெடித்தது. நாங்கள் இறங்குவதற்குள் தேரை இழுத்துவிட்டார்கள். மனைவி என் தோளைப் பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். வடத்தில் கை வைக்க இடமில்லை. இடித்துக்கொண்டு நுழைந்து பிடித்தேன். அவர்கள் கத்தியதையே நானும் கத்திக்கொண்டு இழுத்தேன்.