நான் பார்க்காத கன்னம்

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். வகுப்புக்குள் நுழைந்ததுமே எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்கி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பிள்ளைகள் எல்லாம் என் வீட்டுப் பழக்கவழக்கங்களே உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் என் வீட்டு மாடி அறைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். அவனுக்குத் தேவராவில் கட்டட வேலை. முதல் வாரம் அவள் என்னிடம் சிரித்துப் பேசினாள், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். அவன் என்னை சார், சார் என்றான். "சார் எதுக்கு? அண்ணான்னு கூப்பிடு" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் அவள் முக்காட்டை மோவாய் வரை இழுத்துக்கொண்டாள். பேச்சும் நின்றுவிட்டது. தபாலில் வந்த கவரை நீட்டினால் வாங்க மாட்டாள். படியில் வைக்கச் சொல்லிக் கை காட்டுவாள். அவன் அடிக்கிறான், அதை மறைக்கச் சொல்லியிருக்கிறான் என்று முடிவுசெய்தேன். முக்காட்டுக்குள் ஒரு வீங்கிய கன்னத்தை நானே வரைந்துகொண்டேன். மாடியிலிருந்து ஒருநாளும் சத்தம் கேட்டதில்லை. அதையும் அவளுடைய பயத்தின் கணக்கில்தான் சேர்த்தேன்.

அவனுடைய மேஸ்திரி பள்ளுருத்திக்காரர், எனக்குத் தெரிந்தவர். போனில் சொன்னேன். பெண்டாட்டியை அடிக்கிறவன் தன்னிடம் வேண்டாம் என்று அன்றே நிறுத்திவிட்டார். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு சேச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார்.

"அவளையா அடிச்சான்? தினம் என் அடுக்களையில வந்து இருக்கிறவ, எனக்குத் தெரியாதா? அவங்க நாட்டுல கெட்டினவனோட அண்ணன் முன்னாடி முகம் காட்டக்கூடாதாம், அவர் கையில இருந்து ஒண்ணும் வாங்கக்கூடாதாம். அண்ணான்னு கூப்பிடச் சொன்னது சார்தானே? இத்தனை பிள்ளைங்களைப் படிப்பிச்ச ஆளு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தேய்ஞ்சா போயிருப்பீங்க?"

வரைபடத்தில் ஒடிசாவை எத்தனை முறை பிரம்பால் தொட்டுக் காட்டியிருப்பேன்.

மேஸ்திரியின் எண் என் போனில் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். நான் சொன்னது தப்பு என்று என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அப்படியே போனது.

மூன்றாம் நாள் பெட்டியோடு இறங்கி வந்தார்கள். வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை, ஊருக்கே திரும்புகிறார்கள். அவன் என் காலைத் தொட்டான். அவள் தள்ளி நின்று, முக்காட்டோடு, தரையைத் தொட்டு வணங்கினாள்.

"யாரோ மேஸ்திரிகிட்ட இல்லாததைச் சொல்லிக் கள்ளம் பறஞ்சுட்டாங்க, அண்ணா. நீங்க பேசினா அவர் கேப்பார். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு."

"அவர் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லப்பா" என்றேன்.

அவன் அதையும் நம்பினான்.