தாராவியில் தைத்த பை

புனேயைத் தாண்டியிருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்குப் போகிற வழியில் தாராவியில் இறங்கியிருக்கிறேன். காதர் பாயின் தோல் பட்டறையில் எனக்காக ஒரு பை தயாராகிறது. உள்ளே செம்புவலை. தொலைநோக்கியருகே வருகிறவர்களின் போன்களை இதில் போட்டு மூடினால் சிக்னல் கசியாது.

"எதுக்கு சார் இம்புட்டு பந்தோபஸ்து?" ஆறு மெஷின்களின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்கிறார்.

"ரொம்ப தூரத்து கேலக்ஸியிலேருந்து ஒரு ரேடியோ துடிப்பு வரும் பாய். கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும், மறுபடி வராமலே போகலாம். பக்கத்துல போன் இருந்தா அது கேக்காது."

என் போனைப் பைக்குள் மூடி, தன் போனிலிருந்து அழைக்கிறார். உள்ளே மணி அடிக்கிறது. ஓரம் தடிக்கக் கூடாதென்று, தோல்வேலை வழக்கப்படி, வலையை விளிம்புக்கு முன்னாலேயே வெட்டிவிட்டிருக்கிறார். சிக்னல் நுழைய அந்த இடைவெளி போதும்.

"உங்க போனையும் போட்டுப் பாப்போமா?"

"இது வெளிய இருக்கட்டும் சார். மேலப்பாளையத்துல மவள பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரில சேத்திருக்கு."

தையலைப் பிரித்து, வலைமேல் வலை படிய மறுபடி தைக்கிறார். அழைக்கிறார். பை பேசவில்லை. சிரித்துக்கொண்டே கையை இறக்கும்போது அவர் போன் அடிக்கிறது.

"மருமவன்" என்கிறார்.

பக்கத்து மெஷின் நிற்கிறது, அப்புறம் அடுத்தது. ஆறும் நின்றபின் எதிர்ப் பட்டறைச் சுத்தியலும் ஓய்கிறது. அவர் காதோடு அழுத்திய போனிலிருந்து, நான் நிற்கிற இடம்வரை, ஒரு சின்ன அழுகை வந்து சேர்கிறது.