திருகை எப்போது இறுக்குவது

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் சிறிய அலுவலகத்தில், மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கான தமிழ்க் கையேடுகளைத் தயாரிக்கிறோம். ஆங்கில மூலத்தை நான் மொழிபெயர்ப்பேன். அதைச் செம்மைப்படுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. எஞ்சின் தெரிந்தவருக்குத் தமிழ் சொல்லித்தருவதா, தமிழ் தெரிந்தவருக்கு எஞ்சின் சொல்லித்தருவதா என்று எனக்குக் குழப்பம்.

விண்ணப்பித்தவர்களில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் உவரியில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். மற்றவர் தமிழில் முதுகலை முடித்து, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த பெண். இருவருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்தேன். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறை. வேண்டுமென்றே நான்கு எழுத்துப்பிழைகளும் ஒரு தவறான அளவும் வைத்திருந்தேன்.

உவரிக்காரர் அளவைப் பார்த்த மாத்திரத்தில் திருத்தினார். எழுத்துப்பிழை ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. அந்தப் பெண் நான்கையும் பிடித்தார், அளவைத் தொடவில்லை. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் ஒன்று கேட்டார்.

“மூணாவது வரியில திருகைத் தளர்த்தச் சொல்லியிருக்கு சார். திரும்ப எப்ப இறுக்கணும்னு எங்கயுமே இல்லையே?”

அது நான் வைத்த பிழை அல்ல. மொழிபெயர்க்கும்போது நானே ஒரு வரியை விட்டிருக்கிறேன். உவரிக்காரர் எப்படிக் கவனிக்காமல் போனார்? ஆர்வம் தாங்காமல் அவரை போனில் அழைத்தேன்.

“அதை எழுதவா செய்யணும் அண்ணாச்சி? குமிழி நின்னு டீசல் மட்டும் வந்தா கை தானா இறுக்கிரும்லா.”

அந்தப் பெண்தான் என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன். அவர் திருத்திய பக்கத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் உவரிக்காரர் நிறுத்தச் சொன்னார். ‘வடிகட்டி’ என்ற சொல் மறுபடி மறுபடி வருகிறதே என்று, ஓரிடத்தில் அதைச் ‘சல்லடை’ ஆக்கியிருந்தார் அந்தப் பெண்.

“சல்லடை டேங்குக்குள்ள கெடக்கும். வடிகட்டி எஞ்சின் பக்கத்துல இருக்கு. இதைப் படிக்கவன் டேங்கைப் போய்க் கழட்டுவான்.”

இதை நான் சொன்னபோது அந்தப் பெண் வருத்தப்படவில்லை. இரண்டையும் நேரில் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை நானும் அந்தப் பெண்ணும் உவரிக்குப் பஸ் ஏறினோம். பட்டறையில் அவர் எஞ்சின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு உறுப்பாகக் காட்டச் சொல்லி, ஏன் இது முதலில், ஏன் அது பிறகு என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். தொடக்கத்தில் பதில்கள் சட்டென வந்தன. போகப்போக உவரிக்காரர் யோசிக்க ஆரம்பித்தார். ஒரு கேள்விக்கு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “இதை நானும் யோசிச்சதில்லையே” என்றார்.

அலுவலக நாற்காலி தனக்கு ஒத்துவராது என்று உவரிக்காரர் அன்றே சொல்லிவிட்டார். அந்தப் பெண் மறுவாரம் வேலைக்குச் சேர்ந்தார். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கமும் உவரிக்குப் போய் வருகிறது.