தலையாரி கொம்பையாவும் கஞ்சாக் கேசுகளும்

“ஏலே, இந்தக் கஞ்சாவ நாடு பூரா அனுமதிச்சுத் தொலைச்சா என்னல கெட்டுப் போகும்? சாட்சிக் கையெழுத்துப் போட்டே எனக்குக் கை ஓஞ்சு போச்சு.”

கொம்பையா மாமா இதைச் சொல்லாத நாளு கிடையாது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போது ஒருக்க, டீயை ஆத்தும்போது ஒருக்க, செருப்பைக் கழட்டும்போது ஒருக்க. “தொலைச்சா”ங்கத மட்டும் நீட்டி இழுத்து, கடைசியில தொண்டையைச் செருமணும். அப்பத்தான் அது மாமா. ஆளுக குரலை எடுத்துப் பேசுதது எனக்கு விளையாட்டு. ஒருநா நான் அவிய வீட்டு வாசல்ல நின்னு அதே மாதிரி இழுத்தேன். உள்ள இருந்து முத்துமாரியம்மா அத்தை, “வந்ததும் ஆரம்பிச்சிட்டியளா, கால் கழுவிட்டு வாங்க”ன்னாவ. மாமா அப்ப எனக்குப் பின்னாலதான் நிக்காரு. சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்ல.

மாமாவுக்கு வேலை தலையாரி. சர்க்கார் இப்ப கிராம உதவியாளர்னு மரியாதையா எழுதுது, ஊருக்கு அவரு தலையாரிதான். வி.ஏ.ஓ. வருவாவ, போவாவ. பதினோரு பேரு மாறியாச்சு, மாமா மாறலை. தீர்வை கேக்கப் போவாரு, செத்தவுக கணக்கு எழுதப் போவாரு, காத்துல மரம் சாஞ்சா அங்கன போயி நிப்பாரு. இதெல்லாம் அவருக்குச் சலிப்பே கிடையாது. சலிப்பு பூரா கஞ்சாவுலதான்.

அது எப்படின்னா, போலீசு கஞ்சாவப் பிடிச்சா, பிடிச்ச இடம், நேரம், எடை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதணும். மகஜர்னு சொல்லுவாவ. அதுல போலீசு இல்லாத ஆளு ரெண்டு பேரு பாத்த சாட்சியாக் கையெழுத்துப் போடணும். ஊர்க்காரன் எவன் வருவான்? ஜீப்பைக் கண்டாலே ரேசன் வரிசையில நிக்கவன்கூட பையை விட்டுட்டுக் காணாமப் போயிருவான். அதனால வி.ஏ.ஓ.வுக்குப் போன் போகும், வி.ஏ.ஓ. மாமாவுக்குப் போன் போடுவாரு. பீடியைக்கூட கையால தொடாத மனுசன் மாமா. ஆனா சுத்துப்பட்டுல எங்க கஞ்சா பிடிபட்டாலும் தாளுக்கு அடியில ‘மு. கொம்பையா’ன்னு இருக்கும்.

கையெழுத்தோட விட்டாலும் பரவாயில்ல. ரெண்டு வருசம் கழிச்சு மதுரைக் கோர்ட்டுல இருந்து சம்மன் வரும். கோவில்பட்டியில விடியுமுன்ன பஸ் ஏறி, சாயங்காலம் வரைக்கும் வராந்தாவுல உக்காந்து, ஜட்ஜய்யா லீவு, வக்கீலு வீட்டுல விசேசம், எதிரியை, அதாவது பிடிபட்டவனை, ஜெயில்ல இருந்து கூட்டி வரலைன்னு ஏதாவது ஒண்ணைக் கேட்டுட்டுத் திரும்பணும். “குத்தவாளிக்காவது ஜாமீன் உண்டு. எனக்கு அதுவும் இல்ல”ம்பாரு.

அதனாலதான் கஞ்சாச் சட்டம் மாறுமான்னு ஊர்ல வேற எவனுக்கும் இல்லாத அக்கறை மாமாவுக்கு. பேப்பரு வந்தா அதத்தான் தேடுவாரு. டீக்கடை சிவனாண்டி ஒருநா, “தாய்லாந்துல விட்டுட்டானாம் மாமா, கடை போட்டே விக்கானாம்”னான். மாமா கிளாசைக் கீழ வச்சாரு. “தாய்லாந்துல தலையாரி உண்டாடா?”ன்னாரு. பொறவு அந்த ஊருக்காரனே திரும்பக் கட்டுப்பாடு போட்டுட்டாம்னு பேப்பர்ல வந்துச்சு. மாமா பேப்பரை மடிச்சுக் கவுத்தி வச்சுட்டுச் சைக்கிளை எடுத்துட்டாரு. ரிட்டயர்டு வாத்தியார் சாமித்துரை, இமயமலைப் பக்கம் ஒரு மாநிலத்துல லைசென்சு குடுத்துப் பயிர் பண்ணவே விடுதாவன்னாரு. அதுவும் போதைக்கு இல்லையாம், நாருக்காம். மாமா சுத்திப் பாத்தாரு. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கரிசல், அதுல பருத்தி. “நாரு எடுக்கதுக்கு எனக்கு என்ன ஆகப் போவுது சார்வாள்”னு எந்திரிச்சுட்டாரு.

ஓய்வு பெற மூணு மாசம் இருக்கும்போது ஒரு சம்மன் வந்துச்சு. மாமா அதை மடிச்சு மடிச்சுத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டு வந்துட்டாரு. ஏன்னா அது இசக்கிதுரை கேசு. எங்க தெருப் பய. ரெண்டு கிலோ கஞ்சாவோட கண்மாய்க்கரையில பிடிபட்டான்னு கேசு. நிரூபிச்சா பத்து வருசம் வரைக்கும் உள்ள கிடக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலமே அவன் ஆத்தா மாடத்தி வந்துட்டா. தீப்பெட்டி ஆபீசுல இருந்து நேரா வந்திருப்பா போல, சேலையில மருந்து வாடை. அழலை. “அண்ணே, என் மகன் கஞ்சா குடிப்பான், இல்லேன்னு நான் சொல்லலை. அவன் துட்டுல ஒரு பொட்டணம் வாங்குவான், அவ்வளவுதான். ரெண்டு கிலோவுக்கு அவன் எங்க போவான்?”ன்னா. மாமா வழக்கமான பாட்டை எடுத்து, சட்டம் மாறிட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்லப் போனாரு. அவ கையெடுத்துக் கும்பிட்டா. “அதை மட்டும் சொல்லாதீக. அனுமதிச்சுட்டா எங்க தெருவுல ஒரு பய தேறமாட்டான். எனக்குச் சட்டம் மாற வேண்டாம். நீங்க அங்கன இருந்தீகளான்னு மட்டும் சொல்லுங்க.” மாமா சம்மனைப் பிரிச்சு, திரும்ப மடிச்சாரு. அத்தை குடுத்த காப்பியைக் குடிக்காமலே அவ போயிட்டா.

மறுநா பைக்குல ஒரு எஸ்.ஐ. வந்தாரு. குரல் பஞ்சு மாதிரி இருக்கும், காதுகிட்ட வந்து பேசுவாரு. “அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல. பிடிச்சது பதினாலாந் தேதி. உங்க கையெழுத்துக்குக் கீழ பதினாறுன்னு போட்டிருக்கீங்க. எதிரி வக்கீல் அதைப் பிடிச்சுட்டாரு. கை தவறிருச்சுன்னு சொல்லிருங்க, முடிஞ்சு போகும்.” வண்டியை உதைச்சுக்கிட்டே, “ஓய்வு எப்ப அண்ணாச்சி? நல்லபடியா வீட்டுக்குப் போங்க”ன்னாரு.

அதுக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள்ல சஸ்பெண்டு ஆர்டரை நீட்டிட்டா மாலையும் இல்ல, பென்சனும் கையில இல்ல.

அந்தத் தேதி அங்கன எப்படி வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் மாமா என்கிட்டச் சொன்னாரு. பதினாலாந் தேதி அவரு கழுகுமலையில காதுகுத்து வீட்டுல பந்தியில உக்காந்திருந்தாரு. பதினாறாந் தேதி ஸ்டேசனுக்கு எதுக்க உள்ள டீக்கடைக்கு வரச் சொன்னாவ. சீனி டின்னு மேல தாளை விரிச்சாவ, போட்டாரு. போலீசு சாட்சி எவனும் கீழ தேதி எழுதமாட்டான். மாமாவுக்குத் தாலுகா ஆபீசுப் பழக்கம். எதுல கையெழுத்துப் போட்டாலும் அடியில அன்னைக்குத் தேதியை எழுதாம கை பேனாவை விடாது. அன்னைக்கும் விடலை.

கோர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். ரத்தக்கொதிப்பு இருக்கதால அத்தை தனியா விடமாட்டேன்னுட்டாவ. பஸ்ஸுல மாமா கணக்குப் போட்டுக்கிட்டே வந்தாரு. இந்தத் தடவையும் வாய்தா விழுந்துட்டா, அதுக்குள்ள பார்லிமெண்டுல சட்டம் வந்துட்டா, கேசு தானா மூடிரும், நாம ரெண்டு பக்கமும் வாயைத் திறக்க வேண்டாம். இதான் அவரு கணக்கு.

கேண்டீன்ல ஒரு வக்கீலம்மா வடை தின்னுக்கிட்டு இருந்தாவ. பக்கத்துல இருந்த கேசுக் கட்டு மேல ரேணுகாதேவின்னு பேரு எழுதியிருந்துச்சு. மாமா போயி நின்னு, “எம்மா, நாடு முழுக்க கஞ்சாவ அனுமதிப்பாவளா, எப்ப?”ன்னாரு. அவிய இவரை மேலயும் கீழயும் பாத்தாவ. தலையாரின்னதும் சிரிச்சுட்டு உக்காரச் சொன்னாவ. இது டெல்லிச் சட்டமாம், ஒரு மாநிலம் மட்டும் மொத்தமாத் தூக்கிற முடியாதாம். பார்லிமெண்டு மாத்தணும். எந்தக் கட்சி வாயைத் திறக்கும்? சாராயக் கடைக்கே பொம்பளைக வெளக்குமாத்தைத் தூக்குதாக. மருந்துக்கு, நாருக்குன்னு கொஞ்சங் கொஞ்சமா வேணா விடுவாக. “இப்போதைக்கு இல்ல அய்யா. உங்க பேரன் காலத்துல பாக்கலாம்.”

“வந்துட்டா பழைய கேசெல்லாம் போயிரும்லா?”

“போகாது. குத்தம் நடந்தப்ப எந்தச் சட்டம் இருந்துச்சோ அதை வச்சுத்தான் பழைய கேசு நடக்கும். நாளைக்கே மாறினாலும் நீங்க கூண்டுல ஏறித்தான் ஆகணும்.”

மாமா தலையாட்டுனாரு. வராந்தாவுக்கு வந்து, ரெண்டு கையையும் தொடையில வச்சுக்கிட்டு உக்காந்தாரு. இத்தனை வருசமா சாஞ்சுக்கிட்டு இருந்த செவரை யாரோ எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு அவரு முதுகு. எனக்கு அன்னைக்கு யாரு குரலும் வாயில வரலை.

பன்னெண்டரைக்குக் கூப்பிட்டாவ. வாய்தா இல்ல. சர்க்கார் வக்கீல் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாச்சேங்குத மாதிரி வேகமாக் கேட்டாரு. கையெழுத்து உம்முடையதா? ஆமா. பதினாலாந் தேதி நாலு மணிக்குக் கண்மாய்க்கரையில இருந்தீர், கீழ கை தவறி பதினாறுன்னு எழுதிட்டீர், சரிதானே? சரின்னு ஒரு சொல்லு போதும். இசக்கிதுரை கூண்டுக்குள்ள தலையைக் குனிஞ்சு நிக்கான். மாடத்தி கதவுக்கு வெளிய நிக்கா.

மாமா தொண்டையைச் செருமுனாரு. “கை தவறலைய்யா. பதினாறாந் தேதிதான் போட்டேன், டீக்கடையில வச்சு. நான் கண்மாய்க்கரைக்குப் போகலை.”

சர்க்கார் வக்கீல் கண்ணாடி மூக்குக்கு இறங்கிருச்சு. சாட்சி பல்டி அடிச்சுட்டாருன்னு ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிட்டு, குறுக்கு விசாரணையை ஆரம்பிச்சாரு. எதிரி தரப்புல என்ன வாங்குனீர்னாரு. குடிக்காத காப்பிதான் மிச்சம்னாரு மாமா. அப்ப அவன் குத்தமே செய்யலைன்னு சொல்ல வாரீரான்னாரு. அவன் வச்சிருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கலைன்னாரு மாமா. வக்கீல் குரல் ஏறிருச்சு. பயங்காட்டுததுக்குத்தான் கேட்டிருப்பாரு. இத்தனை வருசமா இத்தனை கேசுல கையெழுத்துப் போட்டிருக்கீரே, அதெல்லாமும் இப்படித்தானான்னாரு.

ஜட்ஜய்யா எழுதுதத நிப்பாட்டிட்டு நிமிந்து பாத்தாரு. மாமா கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிட்டு, மெதுவாத்தான் சொன்னாரு.

“கேளுங்கய்யா. ஒவ்வொரு கேசாக் கேளுங்க. எந்தக் கேசுக்குப் போயி நின்னேன், எந்தக் கேசுக்குப் போகாமப் போட்டேன்னு எனக்குத் தெரியும், சொல்லுதேன். இருபத்தாறு வருசமா ஒருத்தரும் கேக்கலைன்னுதான் நானும் சொல்லலை.”