பலாக்காய்தானா அது?

போன சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட லேபில் மட்டன் வாசம். உயிரியல் டீச்சராக நான் முகராத நாற்றம் கிடையாது. ஆனால் லேபுக்குள் கறிக்குழம்பு மணந்தது இதுதான் முதல் தடவை!

காரணம்? என் வீட்டுக்காரர்தான். வேறு யார்?

மனிதர் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டிருக்கிறார். மாலை போட்டால் கறி, மீன் தொடக்கூடாது. போன வருஷம் மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடியணும் என்று வேண்டிக்கொண்டது. அதனால் விரதத்தில் ரொம்பக் கறார்.

அந்த நேரம் பார்த்துப் பேகம்பூரில் காதர் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை. காதர் அண்ணனும் இவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். போகாமல் இருக்க முடியுமா? மாலையோடு போனார்.

காதர் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மகள் கல்யாணத்தன்று காலையில், அத்தனை வேலைக்கு நடுவில், மாடியில் தனி அடுப்பு மூட்டி, புதுச் சட்டியில் தன் கையாலேயே பலாக்காய் குருமா வைத்திருந்தார். நத்தத்திலிருந்து வந்த பிஞ்சுப் பலா. இவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வம்பு சாயந்திரம் ஆரம்பித்தது. பல்லில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று குத்தி எடுத்தார். நார். அதையே உற்றுப் பார்த்தார்...

"ஏய், இங்கிட்டு வா. இது கறி மாதிரி இல்ல?"

"பலாக்காய்லயும் நார் இருக்கும்."

"இம்புட்டு நீளமாவா?"

சொல்லி முடிப்பதற்குள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பத்துத் தடவை வாய் கொப்பளித்தார். முகமே செத்துப்போச்சு. விரதம் கெட்டிருந்தால் மாலையைக் கழற்ற வேண்டும், நடக்க முடியாது. மகனுக்கான வேண்டுதல் வேறு. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அடுத்துச் செய்த காரியம்தான்... போனை எடுத்துக் காதர் அண்ணனிடமே கேட்டுவிட்டார்.

"காதரு, அது பலாக்காய்தானா?"

கேட்கிற கேள்வியா இது? அப்போது என் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காதர் அண்ணன் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"தங்கச்சி, உங்க ஸ்கூல்ல பூதக்கண்ணாடி மிசின் இருக்குல்ல? குருமா மிச்சம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன். நீயே பாத்துச் சொல்லிரு."

மறுநாள் நானும் இவரும் லேபில் காத்திருக்க, சொன்னபடி வந்தார். கையில் இரண்டு டப்பா. ஒன்றில் பலாக்காய், இன்னொன்றில் கல்யாண மட்டன். "ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும்" என்றார். மட்டன் டப்பாவைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்.

முதலில் குருமாவில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இவர் ஓடி வந்து பார்த்தார்.

"கட்டம் கட்டமாத் தெரியுது! செடிதான்!"

"குதிக்காதீங்க. அது மல்லித்தூளா இருக்கும்."

மல்லி, மிளகாய், சோம்பு எல்லாமே தாவரம்தானே? மட்டன் குழம்பில் ஒரு சொட்டு எடுத்தாலும் இதே கட்டம் தெரியும். அதனால் குருமாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுவி, பிளந்து, உள்ளேயிருந்து ஒரு நாரை ஊசியால் பிரித்தெடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் ஒப்பிப்பார்கள் — தாவர செல்லுக்குச் செல் சுவர் உண்டு, பசுங்கணிகம் உண்டு, பெரிய நுண்குமிழ் உண்டு. விலங்கு செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டும்தான். பரீட்சைக்கு இது போதும். குருமாவுக்கு? கொதித்த பிறகு பச்சையும் மிஞ்சாது, நுண்குமிழும் மிஞ்சாது. சுவர் மட்டும் நிற்கும்.

நின்றது. செங்கல் அடுக்கிய மாதிரி அறை அறையாக, நடுவே ஸ்பிரிங் மாதிரி சுருண்ட குழாய்கள். செடி தண்ணீர் இழுக்கிற குழாய் அது. ஆட்டுக்கு ஏது? அடுத்து மட்டனை வைத்தேன். அறையே இல்லை. நீள நீளமான தசைநார், அதன் மேல் குறுக்கே மெல்லிய வரிகள்.

"கறியக் கண்ணால பாத்தா விரதத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இவர் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அண்ணே, நீங்களும் வந்து பாருங்க" என்றேன்.

காதர் அண்ணன் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் எதுக்குத் தங்கச்சி பாக்கணும்? நறுக்குனவனே நான்தானே."

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் பிடித்த மனசு சும்மா இருக்குமா? தலையைச் சொறிந்துகொண்டே மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... நான் தின்னதும் பலாக்காய்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். டீச்சர் புத்தி, வாய் வரவில்லை.

"நான் பாத்தது இந்த ஒரு துண்டு. நீங்க தின்னது உங்க வயித்துக்குள்ள போயிருச்சு. அதை எந்த மைக்ராஸ்கோப்பும் பாக்க முடியாது. அதுக்கு அந்தா உக்காந்திருக்கார் பாருங்க, அவர் வார்த்தைதான்."

இவர் காதர் அண்ணனைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நிக்காஹுக்கு வைத்த மருதாணி அவர் விரலில் இன்னும் சிவப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் காதர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். பலாக்காய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏலே மாப்ள, ஐஸு மாதிரி இருக்குடா. செத்த நேரம் பொறு, வீட்டுக்குப் போயி சூடு பண்ணித் தாரேன்" என்றார் காதர் அண்ணன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட நான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கவில்லை. இவரும் பார்க்கச் சொல்லவில்லை.